கருகிய போர்டும் பாதி விலைக் கணக்கும்

லேப்டாப் மதர்போர்டு கருகிப் போனால் என்ன செய்வது? இதற்கு நம்மிடம் ஒரே ஒரு வாய்ப்பாடுதான் இருக்கு. ரிப்பேர் செலவு லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போடு, தாண்டவில்லை என்றால் சரி செய். சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இதைத்தான் சொல்வார்கள். ஆபீஸில் ஐடி பார்க்கிறவரும் இதையேதான் சொல்வார். கேட்க நியாயமாகவும் இருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த வாய்ப்பாட்டின் மேல் ஒரு விமர்சனம். கூடவே, "ரிப்பேர் உரிமை" என்ற பெயரில் மத்திய அரசு 2022லிருந்து செய்துவரும் வேலைகளையும் கொஞ்சம் பார்க்கலாம். இரண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன என்பது என் வாதம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இது சும்மா பேச்சுக்கான விஷயம் இல்லை. ஷூ கம்பெனியில் பேட்டர்ன் டிசைன் பண்ணுகிறவரின் லேப்டாப்பில் ஒரு சீசனுக்கான வேலை முழுக்க இருக்கும். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் அரசு கொடுத்த இலவச லேப்டாப் என்ற குடும்பங்கள் நிறைய. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப் போயிருக்கு. வாரண்டி முடிந்த பிறகு அவற்றில் ஒன்று கருகினால், "பாதி விலை" என்ற வாய்ப்பாடு அந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்லும்?

பாதி என்றால் எதில் பாதி?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். நாலு வருஷம் ஓடிய லேப்டாப். இதே மாதிரி புதுசு 45,000 ரூபாய். இதே மாடல் செகண்ட் ஹேண்டில் 18,000. மதர்போர்டை மாற்றித் தர 15,000 என்று எஸ்டிமேட் வருகிறது.

புது விலையில் பாதி 22,500. எஸ்டிமேட் அதற்குள் அடங்குகிறது, அதனால் சரி செய்யலாம். செகண்ட் ஹேண்ட் விலையில் பாதி 9,000. எஸ்டிமேட் அதைத் தாண்டுகிறது, அதனால் தூக்கிப் போடலாம். ஒரே லேப்டாப், ஒரே எஸ்டிமேட், ஒரே வாய்ப்பாடு. விடை மட்டும் ரெண்டு. எந்த விலையில் பாதி என்பதை வாய்ப்பாடு சொல்வதே இல்லை. சொல்பவர் எதை விற்க நினைக்கிறாரோ அதற்கு ஏற்ற விலையை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஓட்டை இதைவிடப் பெரியது. அந்த 15,000 எதற்கான விலை? போர்டு முழுவதையும் கழற்றிவிட்டு வேறு போர்டு போடுவதற்கான விலை. போர்டில் கருகியது ஒரு அரிசி மணி அளவுள்ள கப்பாசிட்டராக இருக்கலாம். அதை மட்டும் மாற்றுவதைத்தான் நம்ம ஊர் கடைகளில் "சிப் லெவல் சர்வீஸ்" என்று எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு 4,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது மாதக் கணக்கில் பாருங்கள். 45,000 ரூபாய் புது லேப்டாப் ஐந்து வருஷம் ஓடினால் மாதத்துக்கு 750 ரூபாய். 15,000 ரூபாய் போர்டு மூணு வருஷம் ஓடினால் மாதத்துக்கு சுமார் 417. சிப் லெவலில் 4,000 செலவு செய்தது ஆறு மாதம் ஓடினாலே புதுசின் மாதச் செலவைவிடக் குறைவு. ஒரு வருஷம் ஓடினால் மாதத்துக்கு 333. ஆக, கேட்க வேண்டிய கேள்வி "விலையில் எத்தனை சதவீதம்" என்பது இல்லை. "சரி செய்தால் எத்தனை மாதம் தாங்கும்" என்பதுதான். அதற்குப் பதில் விலைப் பட்டியலில் கிடைக்காது. கருகிய இடத்தில்தான் கிடைக்கும்.

கருகல் எல்லாம் ஒன்று இல்லை

"போர்டு கருகிப் போச்சு" என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது நாலு வகை விபத்து இருக்கு.

முதல் வகை, செராமிக் கப்பாசிட்டர் விரிசல் விட்டு ஷார்ட் ஆவது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், கறுப்பாகப் புகை படிந்திருக்கும், நாற்றம் வரும். ஆனால் பெரும்பாலும் அந்த ஒரு உதிரிபாகத்தை எடுத்துவிட்டு வேறு போட்டால் முடிந்தது.

இரண்டாவது வகை, மாஸ்ஃபெட் போவது. இங்கேதான் உண்மையான சுவாரசியம். சார்ஜரிலிருந்து வருவது சுமார் 19 வோல்ட். சிபியுவுக்கு வேண்டியது ஒரு வோல்ட்டை ஒட்டி. நடுவில் இரண்டு மாஸ்ஃபெட் மாறி மாறித் திறந்து மூடி அந்த 19ஐ ஒன்றாகக் குறைக்கின்றன. கீழ்ப்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் கரண்ட் நேராக கிரவுண்டுக்குப் போகும், சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும், சிபியு பெரும்பாலும் தப்பிக்கும். மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் கதை வேறு. 19 வோல்ட் அப்படியே சிபியு மேல் இறங்கும். சிபியு போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு போர்டும் ஒரே மாதிரி கருகியிருக்கும். ஒன்று மலிவு ரிப்பேர், இன்னொன்று பிணம்.

மூன்றாவது வகை, போர்டே கருகுவது. மதர்போர்டு என்பது கண்ணாடி நார்த் துணியும் எபாக்ஸி பிசினும் செம்புத் தகடும் அடுக்கடுக்காக ஒட்டிய பலகை. லேப்டாப்பில் ஆறு, எட்டு, பத்து அடுக்கு சாதாரணம். எபாக்ஸி கருகினால் கரியாகும். கரி மின்சாரம் கடத்தும். மேலே ஐசியை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கரியை விட்டுவைத்தால், அதன் வழியாகவே கரண்ட் கசிந்து, சூடாகி, மறுபடி கருகும். நல்ல டெக்னீஷியன் கரி முழுவதையும் சுரண்டி, வெள்ளை நார் தெரியும்வரை எடுத்து, அறுந்த டிராக்குகளுக்கு மெல்லிய கம்பி இழுத்து, மேலே எபாக்ஸி பூசுவார். உள் அடுக்குகள் வெந்திருந்தால் அவராலும் முடியாது, ஏனென்றால் அந்த அடுக்குகளைக் கண்ணால் பார்க்க வழியில்லை.

நாலாவது வகை, சிபியு அல்லது கிராபிக்ஸ் சிப்பே போவது. இதில் ஒரு பழைய பாடம் இருக்கு. 2008 ஜூலையில் என்விடியா தன் சில லேப்டாப் சிப்களின் உள்கட்டுமானப் பொருளில் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்கியது. அந்தக் காலத்தில் ஹாட் ஏர் அடித்து "ரீபாலிங்" செய்தால் அந்த லேப்டாப்புகள் உயிர் பெறும், சில வாரத்தில் மறுபடி போகும். கோளாறு சிப்புக்கு அடியில் இருந்த ஈயக் குண்டுகளில் இல்லை, சிப்புக்கு உள்ளே இருந்தது. சூடுபடுத்தினால் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துத் தோல் தொழிலில் இதற்கு இணையான ஒரு வேலை இருக்கு. வெட் புளூ தோலை மேசையில் விரித்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஒரு ஓட்டை இருக்கிறது என்பதற்காக முழுத் தோலையும் யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிசு, மீதியில் ஷூவின் மேல்பாகம் வருமா, லைனிங்தான் வருமா என்று பார்ப்பார்கள். கட்டிங் மாஸ்டர் அந்தக் குறையைச் சுற்றி அச்சை வைத்து வெட்டுவார். தோலின் பாதி விலையைக் கணக்குப் போட்டு முடிவெடுத்தால் அந்தத் தொழிலே நடக்காது. போர்டுக்கும் இந்த மாதிரி தரம் பிரிக்கும் பார்வைதான் வேண்டும்.

இதற்குப் பெரிய லேப் தேவையில்லை. ஒவ்வொரு மின்பாதைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் அளப்பது, லேப் பவர் சப்ளையில் அந்தப் பாதைக்குரிய வோல்ட்டுக்கு மேல் போகாமல் கொஞ்சம் கரண்ட் கொடுத்து எது சூடாகிறது என்று பார்ப்பது. தெர்மல் கேமரா இல்லையென்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தடவி எங்கே முதலில் ஆவியாகிறது என்று பார்க்கலாம். மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட்டா இல்லையா என்பது ஐந்து நிமிட வேலை. சிபியு பாதையில் சில ஓம், சில சமயம் அதைவிடவும் குறைவாகக் காட்டுவது இயல்பு என்று தெரியாதவர்கள் நல்ல போர்டையும் "ஷார்ட்" என்று சொல்லிவிடுவதும் உண்டு.

தோல் ஊரில் கூடுதலாக ஒரு கேள்வி

ஏன் கருகியது என்று கேட்காமல் ரிப்பேர் செய்தால் பாதி வேலைதான். தண்ணீர் பட்டதா, டூப்ளிகேட் சார்ஜரா, ஃபேனில் தூசி அடைத்ததா என்பவை எல்லா ஊருக்கும் பொது. டேனரி இருக்கும் ஊரில் கந்தகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தோலிலிருந்து மயிர் நீக்க சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கரைசலின் காரத்தன்மை குறையும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியேறும். அழுகின முட்டை நாற்றம் அதுதான். இந்த வாயு செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் எலக்ட்ரானிக்ஸில் ஈயத்துக்குத் தடை வந்தது. அதன்பின் சில போர்டுகளில் செம்பின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு வந்தது. காகித ஆலை, ரப்பர் தொழிற்சாலை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களில் அந்தப் போர்டுகள் மேல் கறுப்பாக செம்பு சல்பைடு படர்ந்து, பக்கத்துப் பக்கத்து டிராக்குகளை இணைத்து ஷார்ட் ஆக்கியது. சின்ன ரெசிஸ்டர்களின் முனையில் இருக்கும் வெள்ளியும் இதே போல அரித்துப்போய்த் துண்டிக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் வைக்கும் அறைக்கு ஐஎஸ்ஏ 71.04 என்று ஒரு தரநிலை இருக்கு. அதன்படி பாதுகாப்பான அறையில் 30 நாளில் செம்புத் தகடு 300 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவாக, வெள்ளித் தகடு 200க்கும் குறைவாக அரிக்க வேண்டும். ஆங்ஸ்ட்ராம் என்றால் ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான எல்லை. ஊறவைக்கும் தொட்டிகளுக்குப் பக்கத்து அறையில் வருஷக் கணக்கில் ஓடிய லேப்டாப் என்றால், கருகிய இடத்தை மட்டும் பார்க்காமல் போர்டு முழுக்க லென்ஸ் வைத்துப் பாருங்கள். பல இடத்தில் கறுப்புப் படிவு இருந்தால் இன்றைக்குப் போனது முதல் உதிரிபாகம்தான், கடைசி இல்லை. அப்போது 4,000 ரூபாய் ரிப்பேரின் ஆயுள் ஒரு வருஷம் என்று போடக் கூடாது.

வரைபடம் யாரிடம் இருக்கு?

மேலே சொன்ன சோதனை எல்லாவற்றுக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. எந்தக் கால் எந்த வோல்ட், கருகிப்போன ஐசியின் பெயர் என்ன, அது எதோடு இணைந்திருந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு சர்க்யூட் வரைபடமும், போர்டில் எது எங்கே என்று காட்டும் போர்டு வியூ ஃபைலும் வேண்டும்.

1981இல் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை விட்டபோது, முழு சர்க்யூட் வரைபடமும் பயோஸ் நிரலும் அச்சிட்ட டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்க முடிந்தது. இன்றைக்கு லேப்டாப் மேல் ஒரு பிராண்ட் பெயர் இருக்கும், உள்ளே போர்டை வடிவமைத்தது குவான்டா, காம்பல் மாதிரி ஒரு தைவான் கம்பெனியாக இருக்கும். டெக்னீஷியன் பிராண்டைப் பார்ப்பதில்லை. போர்டில் அச்சிட்ட "எல்ஏ" அல்லது "டிஏ0" என்று தொடங்கும் எண்ணைத்தான் பார்ப்பார். அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் ஏதோ ஒரு மூலையிலிருந்து, ஒவ்வொரு பக்கத்திலும் "ரகசியம்" என்று முத்திரை குத்திய பிடிஎஃப் கிடைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பெங்களூர் எஸ்பி ரோடு வரை சிப் லெவல் தொழில் பெரும்பாலும் இந்தக் கசிந்த பிடிஎஃப்களின் மேல்தான் நிற்கிறது.

பிடிஎஃப் கசியாத மாடல் என்றால் அதே கப்பாசிட்டர், அதே டெக்னீஷியன், ஆனால் "போர்டு மாத்திடுங்க சார்" என்ற பதில்தான் வரும். கருகிய போர்டு ரிப்பேருக்குத் தகுமா என்பதைப் பல நேரம் கருகலே தீர்மானிப்பதில்லை. அந்த ஃபைல் கசிந்ததா இல்லையா என்பது தீர்மானிக்கிறது. பாதி விலை வாய்ப்பாட்டில் இதற்கு இடமே இல்லை.

அரசின் அளவுகோலில் போர்டைக் காணோம்

இப்போது அரசுப் பக்கம் வருவோம். நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில் ரிப்பேர் உரிமைத் தளம் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவி, மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நாலு துறைகள். கம்பெனிகளின் கையேடு, வாரண்டி விவரம், சர்வீஸ் சென்டர் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில். நல்ல விஷயம்தான். ஆனால் ஏற்கெனவே கம்பெனிகள் வெளியிடத் தயாராக இருந்தவற்றின் தொகுப்புதான் அது. வெளியிட மறுப்பதுதான் பிரச்சினையே.

அடுத்து 2024இல் ரிப்பேர் குறியீடு உருவாக்க இன்னொரு குழு. 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தார்கள். கழற்றுவது எவ்வளவு எளிது, ரிப்பேர் தகவல் கிடைக்கிறதா, உதிரிபாகம், கருவி, திருகு வகை, சாஃப்ட்வேர் அப்டேட் என்று பார்த்து ஐந்து புள்ளி அளவுகோலில் மதிப்பெண். வாங்கும் இடத்திலேயே தெரிய வேண்டும், கியூஆர் கோடு வேண்டும் என்பதெல்லாம் உண்மையிலேயே நல்ல யோசனைகள்.

குறைகள் மூன்று. ஒன்று, முதல் கட்டத்தில் மொபைலும் டேப்லட்டும் மட்டுமே, லேப்டாப் இல்லை. பிரான்ஸ் 2021 ஜனவரி 1இல் தன் குறியீட்டைத் தொடங்கியபோதே லேப்டாப்பும் அதில் இருந்தது. இரண்டு, மதிப்பெண்ணைக் கம்பெனியே தனக்குப் போட்டு அறிவித்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் முக்கியம். முன்னுரிமை உதிரிபாகம் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். பேட்டரி, டிஸ்ப்ளே, பின் மூடி, கேமரா, சார்ஜிங் போர்ட், பட்டன், மைக், ஸ்பீக்கர், மடக்கும் கீல், ஆடியோ இணைப்பு. எல்லாம் இருக்கு, இவை அத்தனையும் போய் இணையும் மெயின் போர்டு அதில் இல்லை.

உதிரிபாகம் என்றால் கழற்றி மாட்டும் துண்டு என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். இது நம்ம ஊர்க் குறை மட்டும் இல்லை. 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் ரிப்பேர் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, காயம் ஏற்படும் அபாயம் இருந்தால் தனித்தனிப் பாகத்துக்குப் பதிலாக மொத்த அசெம்பிளியாக விற்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டார்கள். லித்தியம் பேட்டரிக்கு அந்தக் கவலை நியாயம். ஒரு சார்ஜிங் ஐசிக்கு அதையே சொன்னால் நியாயம் இல்லை. துண்டு பெரிதாகப் பெரிதாக எஸ்டிமேட்டும் பெரிதாகும், எஸ்டிமேட் பெரிதானால் பாதி விலை வாய்ப்பாடு "தூக்கிப் போடு" என்றே சொல்லும். வாய்ப்பாடும் அளவுகோலும் சறுக்கும் ஒரே இடம் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

எல்லாவற்றையும் சரி செய்யலாம் என்பதும் பொய்

"போர்டு போச்சு" என்று பார்க்காமலே சொல்வது ஒரு பொய் என்றால், யூடியூப் பார்த்துவிட்டு "எதையும் உயிர்ப்பிக்கலாம்" என்பது இன்னொரு பொய். மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி சிபியு போயிருந்தால், உள் அடுக்குகள் வெந்திருந்தால், போர்டு முழுக்கக் கந்தக அரிப்பு இருந்தால், விட்டுவிடுங்கள். அந்த லேப்டாப்பின் டிஸ்ப்ளே, ராம், கீபோர்டு இன்னொன்றுக்கு உதவும்.

ஒரு விதிவிலக்கு, உள்ளே இருக்கும் டேட்டா. எஸ்எஸ்டி தனியாகக் கழறும் லேப்டாப்பில் போர்டு போனாலும் டேட்டா பிழைக்கும். ஆனால் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் சாவி பழைய போர்டின் டிபிஎம்மோடு கட்டியிருக்கும், ரெகவரி கீ இல்லாமல் திறக்காது. ஆப்பிளின் டி2 சிப் உள்ள மேக்புக்கிலும் அதன் பின் வந்த எம் வரிசையிலும் சேமிப்பே அந்த போர்டின் சிப்போடு பூட்டப்பட்டது. அங்கே போர்டை மாற்றினால் லேப்டாப் ஓடும், டேட்டா போய்விடும். அப்படிப்பட்ட போர்டை ஒரே ஒருமுறை ஆன் செய்து ஃபைல்களை எடுத்துக்கொள்வதற்காக மட்டும் ரிப்பேர் செய்வதுகூடத் தகும். ஒரு சீசனின் பேட்டர்ன் ஃபைல்களுக்கு செகண்ட் ஹேண்ட் விலை என்று ஒன்று கிடையாது.

ஆகவே கடையில் "எவ்வளவு ஆகும்" என்று கேட்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். எது கருகியது? அந்த வோல்ட் சிபியு வரை போனதா? பலகை வெந்ததா, உதிரிபாகம் மட்டும்தானா? ஏன் கருகியது? பதில் சொல்லத் தெரிந்த கடையில் கொடுக்கலாம். பார்க்காமலே விலை சொல்லும் கடையில், அது பெரிய சர்வீஸ் சென்டராக இருந்தாலும் சரி, வேண்டாம்.

தனி ஆளாகக் கேட்டு வரைபடம் கிடைக்காது. ஆனால் 20 லட்சம் வாங்குகிறவர் கேட்டால் கிடைக்கும். 2025 மார்ச் 14 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லட் அல்லது லேப்டாப் தருவதாக அறிவித்தது. இந்த அளவு ஆர்டருக்காக விலையைக் குறைக்கத் தயாராக இருக்கும் கம்பெனி, ஒரு ஃபைலையும் சேர்த்துத் தரும். அரசு இப்படி லேப்டாப் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் ஒரு வரி சேர்த்தால் போதும்: வாரண்டி முடியும் நாளில் அந்த மாடலின் சர்க்யூட் வரைபடத்தையும் போர்டு வியூவையும் பொதுவில் வெளியிட வேண்டும். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஆம்பூர் கடைக்காரர் ரகசிய முத்திரை குத்திய பிடிஎஃப்பைத் தேடி அலைய வேண்டாம், மாணவரின் வீடும் புது லேப்டாப் விலையில் பாதியைக் கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.